முதல் கூடை

கடை வாசலில் நின்று ஊர் விவகாரம் விசாரிப்பவர்களைச் சீனியம்மாள் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். எதையும் வாங்காமல் விசாரித்தால் கட்சிக்காரன். வாங்கிவிட்டு விசாரித்தால் போலீஸ். வாங்கி, விசாரித்து, குடிக்கத் தண்ணீரும் கேட்டால் அரசாங்கம்.

அன்று காலையில் வந்த பையன் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினான். மூக்கருகில் வைத்து முகர்ந்தான். "இந்த ஏரியாவுக்குக் கூடைமேடுன்னு ஏன்மா பேரு வந்துச்சு?" என்றான். பிறகு தண்ணீர் கேட்டான்.

கேனிலிருந்து டம்ளரில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். அரசாங்கமேதான்.

பொதுவாகவே அவளுக்குச் சந்தேகம் ஜாஸ்தி. சர்ச்சில் பாஸ்டர் எல்லோரையும் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால், இவள் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாள், அவர் மூடியிருக்கிறாரா என்று பார்க்க. மழை இல்லை என்று போன் சொன்னால் மொட்டைமாடித் துணியை எடுத்து வந்துவிடுவாள். இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல, கூடைமேடு கொடுத்தது என்பது அவள் கட்சி. நாசரேத்துப் பக்கத்தில் பிறந்தவள். மாப்பிள்ளைக்கு மெட்ராசில் சொந்தக் கடை என்று சொல்லித்தான் கட்டி வைத்தார்கள். எழும்பூரில் இறங்கிக் காரில் ஏறினாள். ராயபுரம் போயிற்று, தண்டையார்பேட்டை போயிற்று, திருவொற்றியூர் போயிற்று, மெட்ராஸ் முடிந்துவிட்டது போலிருக்கிறதே என்று அவள் நினைத்த இடமும் போயிற்று. கார் ஒரு கால்வாய் ஓரத்தில் நின்றது. பட்டுச்சேலையோடு இறங்கியவள் கையில் ஒரு கூடையைக் கொடுத்தார்கள். கூடை நிறைய கறுப்புக் கட்டி.

"அந்தப் பள்ளத்துல கொட்டிட்டு வாம்மா. அப்பால வூட்டுக்குள்ள போலாம்."

அதுதான் ஊர் வழக்கம். மருமகளானாலும் சரி, வாடகைக்கு வருகிறவரானாலும் சரி, கூடைமேட்டுக்குப் புதிதாக வருகிற யாரும் ஒரு கூடை மண்ணோ கல்லோ கொண்டுபோய் ஊரின் தாழ்ந்த மூலையில் கொட்டிவிட்டுத்தான் வீட்டு வாசலில் கால் வைக்கலாம். சீனியம்மாள் கொட்டினாள். சேலைக் கொசுவத்தில் பிடித்த கறை இன்றுவரை போகவில்லை. சந்தேகமும் போகவில்லை.

எலுமிச்சம்பழப் பையன் தன் பெயர் ஆண்ட்ரூ என்றான். உள்ளே வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் வேதமாணிக்கம் அதைக் கேட்டதும் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தார். சர்ச்சுக்குப் போகிற பெயர், கேட்கிற கேள்வியோ ஊர் வரலாறு. இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"தம்பி, சரியான எடத்துலதான் வந்து கேக்கறீங்க. இந்த ஊரை உண்டாக்குனவரு யாரு தெரியுமா? அந்தா இருக்காரு பாருங்க."

கல்லாவுக்கு மேலே ஒரு சீரியல் பல்பு மினுங்க, வேதமாணிக்கத்தின் அப்பா சாலமோன் மாட்டப்பட்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டி, தலையில் கூடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் படத்தின் ஓரம்வரை தண்ணீர்.

"அப்ப பஸ்ஸெல்லாம் மாதா கோயிலோட திரும்பிரும் தம்பி. அதுக்கு அந்தாண்ட ஊரு கெடையாதும்பான் கண்டக்டர். கோரைப்புல்லு, உப்புத் தண்ணி, பாம்பு. வெளிச்சம் போனா நரி கத்தும். எங்கப்பா சாத்தான்குளத்துலேருந்து ஒரு தராசைத் தூக்கிட்டு வந்தாரு. பேக்டரி ஆளுங்க சங்கு ஊதுனதும் இந்தத் தண்ணியைச் சுத்திக்கிட்டு நடந்து போறதைப் பாத்தாரு. நடக்கறவனுக்குப் பசிக்கும், பசிச்சவன் வாங்குவான்னு கணக்குப் போட்டாரு. ஆனா கடை வைக்கத் தரை வேணுமே? பேக்டரிக்காரன் உலையில எரிஞ்சு மிஞ்சுன கிட்டத்தை மலையாட்டம் குமிச்சு வச்சிருந்தான். அப்பா ஒரு கூடையை எடுத்தாரு..."

"இஸ்து நிறுத்து அண்ணாச்சி."

குரல் பக்கத்து இட்லி வண்டியிலிருந்து வந்தது. வண்டி தாயம்மாவுடையது. வடகறியில் தோய்த்த இட்லியோடு அதன் அருகில் நின்றவன் அவள் புருஷன் ஜெயவேல். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கையைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டான்.

"தம்பி, இத்தயும் கேட்டுக்கோ. கூடை அவங்க அப்பாருது. அது நெசம். அவரு கடைல வித்தாரு. தூக்கனது எங்க நைனா, அப்பாவு. வியாசர்பாடில குடிசை எரிஞ்சி போயி, கைல கீறதை எடுத்துகினு, கூட நாலு குடும்பத்தையும் இட்டுகினு வந்தாரு. ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தண்ணில எறங்குவாரு. மூலக்கொத்தளத்துல அவரைப் பொதைக்க சொல்லகூட உள்ளங்கைல கூடை தூக்குன காப்பு அப்டியே கீது. ஊரு பேரு கூடை வித்தவனாலயா வரும், கூடை தூக்குனவனாலயா?"

"மொதக் கூடை எங்கப்பா கடை போடக் கொட்டுனது ஜெயவேலு. அது மேல நின்னுதான் உங்க நைனா ரெண்டாவது கூடையைக் கொட்டுனாரு. இல்லன்னா நிக்க எடம் ஏது?"

"தண்ணில நின்னாரு. நனைஞ்சாரு."

இந்தச் சண்டை அவர்கள் மீசை முளைக்கும் முன்பே தொடங்கியது. வருஷா வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி, தாழ்ந்த மூலையில் கூடை கொட்டும் விழா நடக்கும். முதல் கூடை யாருக்கு என்பதில் ஒரு வருஷம் மைக் உடைந்தது, இன்னொரு வருஷம் மைக் பிடித்தவனின் பல் உடைந்தது. ஆண்ட்ரூ இருவர் பக்கமும் மாறி மாறிப் போனைத் திருப்பிப் பதிவு செய்தான்.

"தண்ணி எவ்ளோ இருக்கும் அப்போ?"

"இடுப்பளவு," என்றான் ஜெயவேல்.

"உங்க நைனா நின்ன எடத்துல இடுப்பளவு. எங்கப்பா நின்ன எடத்துல கழுத்தளவு."

"கழுத்தளவா? எங்க நைனா ஆளையே முழுங்குற எடத்துக்கு அப்பாலதான் போனாரு."

"படகு போகும் தம்பி," என்றார் வேதமாணிக்கம். "சரக்குப் படகு."

இட்லி ஆறுவதற்குள் கூடைமேடு வங்கக் கடலின் ஒரு பகுதியாகிவிட்டது. எல்லாம் போனுக்குள் போயிற்று. பையன் நன்றி சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே கால்வாய்ப் பக்கமாக நடந்தான். போகிற வழியில் காலால் தரையைத் தட்டிப் பார்த்ததைச் சீனியம்மாள் மட்டும் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். "பேருக்குக் காரணம் கேக்க வந்தவனுக்கு ஆழம் என்னத்துக்கு?"

"வரலாறு சீனி. எல்லாம் விசாரிப்பான்."

"கழுத்தளவுன்னு சொன்னியள்லா, அப்பம் ஒரு சிரி சிரிச்சான். அது வரலாறு சிரிக்க சிரிப்பு இல்ல."

சாயங்காலம் அவர்கள் மகள் மகிமா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து வந்தாள். சங்கரா மீன் குழம்பு ஊற்றி உட்கார்ந்தவள் போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் பாதியில் நின்றது.

"அப்பா, கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடு வீடா இடிக்கறதுக்குச் சிவப்புப் பெயிண்ட்ல நம்பர் போட்டுட்டாங்களாம். ஏரி குளத்தை மேடாக்கிக் கட்டினதுன்னு சொல்லி. அதுக்கு முன்னாடி ஒரு பையன் வந்து ஊர்ப்பேருக்குக் காரணம் கேட்டானாம்."

வேதமாணிக்கம் முள்ளை மெதுவாக வாயிலிருந்து எடுத்தார். "நம்மகிட்ட கரண்டு இருக்கு. வரி ரசீது இருக்கு."

"அவங்ககிட்டயும் இருந்துச்சுப்பா."

"அந்த எடம் வேற. அங்கெல்லாம் உண்மையாவே தண்ணி இருந்துச்சு."

"இங்க?" என்றாள் சீனியம்மாள்.

சரக்குப் படகு ஒன்று சத்தமில்லாமல் குழம்புச் சட்டியைக் கடந்து போனது.

மறுநாள் காலை ஊரில் ஒரு அதிசயம் நடந்தது. கடை திறந்ததும் முதல் ஆளாக ஜெயவேல் வந்தான். சட்டையை மாற்றி, தலை வாரி, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன் மாதிரி நின்றான்.

"அண்ணாச்சி, நெறைய ரோசன பண்ணேன். நான் இத்தினி வருசமா பேசனது தப்பு. மொத கூடை உங்க அப்பாருதுதான்."

வேதமாணிக்கம் கையிலிருந்த பருப்பு அப்படியே நின்றது. "என்ன ஜெயவேலு சொல்றே?"

"நெசம்தான். எங்க நைனா சும்மா கூட மாட ஒத்தாசைக்கு நின்னுகினு இருந்தாரு. அப்டியே ஓரமா. தண்ணில எறங்கவே இல்லனு கூட சொல்றாங்க."

அவன் போனதும் பஞ்சர் கடைக்காரர் வந்து சாலமோன் அய்யாதான் இந்த ஊரைத் தனி ஆளாக உண்டாக்கினார் என்றார். யாருடைய உதவியும் இல்லாமல் என்பதை இரண்டு முறை சொன்னார். தெற்குத் தெருவிலிருந்து ஒரு பொன்னாடை வந்தது. போன விழாவில் மைக் உடைத்தவனே வந்து சாலமோன் படத்தின் முன் கைகூப்பினான். மத்தியானத்துக்குள் கூடைமேட்டில் சாலமோனைத் தவிர வேறு யாரும் கூடையைத் தொட்டதே இல்லை என்றாகிவிட்டது.

வேதமாணிக்கம் பொன்னாடையோடு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா சீனி? அப்பா பாக்கலையே இதை."

சீனியம்மாள் வெங்காயத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள். "இவ்வளவு காலமா தராத மரியாதையை ஒரே நாள்ல தாரானுவன்னா, அது மரியாதையா? நாளைக்கு அதிகாரி வந்து இந்தத் தண்ணியை யாரு மூடுனதுன்னு கேக்கும்போ எல்லா விரலும் ஒரே கடையைக் காட்டும். மொதல்ல இடிக்கது எதை?"

துடைத்த கை பாதியில் நின்றது. பொன்னாடையைக் கழற்றினார். நேராக இட்லி வண்டிக்குப் போய் ஜெயவேலின் தோளில் போட்டார்.

"இல்ல ஜெயவேலு. உங்க நைனாதான். எங்கப்பா வெறும் யாவாரி."

"சேச்சே, இன்னா அண்ணாச்சி நீ. உங்க அப்பாருக்குப் போயி நான் எப்டி..."

"நீ வாங்கித்தான் ஆகணும்."

"எனக்கு வாணாம்னு சொல்றேன் இல்ல!"

பொன்னாடை இருவருக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. அவர்கள் வாழ்நாளில் போட்ட சண்டையிலேயே இதுதான் பெரியது. ஒரு கட்டத்தில் தாயம்மா கரண்டியோடு குறுக்கே வந்தாள். "தூ, ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? செத்தவங்களைப் பந்து ஆடுறீங்க. சீனியக்கா, நீயே ஒண்ணு சொல்லு."

சீனியம்மாள் கடைப் படியில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தாள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அவள் வீட்டு மாடியில் போன புயலில் பெயர்ந்து, மறுபடி போட்ட தகரம். கீழே கடை. மகிமா வளர்ந்தது, மாமனார் செத்தது, அரிசி விலை ஏறியது, எல்லாம் இந்தக் கட்டிகளின் மேல். கறை பிடித்த சேலையும் இங்கேதான் பெட்டியில் இருக்கிறது. வந்த நாளிலிருந்து திட்டிக்கொண்டே இருந்த ஊரை இன்னொருத்தன் வந்து எடுத்துக்கொள்வதை நினைத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அது பாசமாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"ரெண்டு பேரும் போடல," என்றாள். "இங்க கூடை முடையுதவுக இருந்தாவ. அதனால கூடைமேடு. மேடு எப்பமும் மேடுதான். தண்ணியே கிடையாது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"யாருக்கா அவங்க?" என்றாள் தாயம்மா.

"எவனோ. நமக்கு முன்னாடி. முடைஞ்சாவ, போயிட்டாவ."

"அப்ப எங்கப்பா?" என்றார் வேதமாணிக்கம்.

"காஞ்ச மேட்டுல வந்து கடை போட்டாவ."

"அவ்வளவுதானா?"

"ஒங்களுக்கு வீடு வேணுமா, அப்பா வேணுமா?"

அன்று மாலையே வேதமாணிக்கம் ஸ்டூலில் ஏறி, சீரியல் பல்பை அணைத்து, படத்தை இறக்கினார். பின்னால் தெரிகிற தண்ணீரை ஒருதரம் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். தண்ணீர் இல்லாமல் பார்த்தால் அவர் அப்பா காரணமில்லாமல் கூடை சுமக்கிற ஒரு மனிதராகத் தெரிந்தார். சீனியம்மாள் அதை வாங்கிச் சாக்கில் சுற்றி எண்ணெய் டின்களுக்குப் பின்னால் வைத்தாள்.

கூடை முடைபவர்களை ஊர் முழுக்க இரண்டே நாளில் மனப்பாடம் செய்தது. செய்ததோடு நிற்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் அவர்களுக்குப் பிரம்பு ஆந்திராவிலிருந்து வரும் என்று சேர்த்தார். தெற்குத் தெரு அவர்களுக்கு ஒரு அம்மனைக் கொடுத்தது. யாரோ ஒருவர் அவர்களில் ஒரு பெண்ணைத் தன் பெரியப்பா காதலித்ததாகச் சொன்னபோது, பொய் எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்த்துச் சீனியம்மாளுக்கே பயமாக இருந்தது. எவனாவது உளறிவிடுவான் என்று ஒவ்வொருவன் வாயையும் பார்த்துக்கொண்டே சாமான் கட்டினாள்.

அதிகாரி வந்த அன்று காலைவரை மழை பெய்திருந்தது. ஜீப்பில் வந்தார். பின்சீட்டில் ஆண்ட்ரூ. சீனியம்மாள் அவனைப் பார்த்தாள், அவன் எலுமிச்சம்பழங்கள் இருந்த தட்டைப் பார்த்தான். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்தார். ஊரே நின்றது.

"இங்க முன்னாடி தண்ணி இருந்துச்சா?"

"தண்ணியா சார்?" என்றான் ஜெயவேல். அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்பவன் மாதிரி. "குடிக்கவே கெடையாது சார். மெட்ரோ வாட்டர் லாரிதான்."

"அப்புறம் கூடைமேடுன்னா?"

"கூடை முடையறவங்க இருந்தாங்க சார்," என்று முப்பது பேர் ஒரே சுரத்தில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி இருந்தது. "பிரம்பு ஆந்திராவுலேர்ந்து வரும்," என்று பஞ்சர் கடைக்காரர் தனியாக முடித்தார்.

அதிகாரி வேதமாணிக்கத்தைப் பார்த்தார். "நீங்கதான் இங்க பழைய கடை. உங்க அப்பா வரும்போது எப்படி இருந்துச்சு?"

வேதமாணிக்கத்தின் பார்வை கல்லாவுக்கு மேலே போனது. அங்கே சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக இருந்தது.

"காஞ்ச மேடு சார்," என்றார். "எங்கப்பா சும்மா வந்தாரு."

'சும்மா' என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதிகாரி அதைச் சளி என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுதினார். தண்ணீர் கேட்டு வாங்கி முழு டம்ளரையும் குடித்தார். எழுந்து போய் ஜீப்பில் ஏறினார். டிரைவர் வண்டியைத் திருப்புவதற்காக நேராக ஊரின் தாழ்ந்த மூலைக்கு ஓட்டினான்.

பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கின. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கறுப்புச் சேறு பறந்தது, ஜீப் உட்கார்ந்துகொண்டே போனது.

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. அந்த மூலையில் எது புதைந்தாலும் ஊருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். "கூடை எட்றா!" என்று யாரோ கத்தினான். கத்தியவன் ஜெயவேல்தான். எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் கூடைகள் வந்தன. இடிந்த சுவர்க்கல், ஓட்டாஞ்சில்லு, கால்வாய் ஓரத்துப் பழைய கிட்டம், எல்லாம் கை மாறிக் கை மாறி வரிசையில் ஓடின. முன்னால் வேதமாணிக்கமும் ஜெயவேலும் ஆளுக்கொரு கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"தள்ளு அண்ணாச்சி, நான்தான் மொத!"

"உங்க நைனாகிட்ட போய்ச் சொல்லு!"

இரண்டு கூடையும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. சீனியம்மாள் வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டு, அந்தக் கூடையில் செங்கல் துண்டு அள்ளிக்கொண்டு ஓடினாள். முழங்கால்வரை சேற்றில் நின்று கவிழ்த்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. அதற்குள் ஜீப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் தவித்த அதிகாரியின் கையில் தாயம்மா ஒரு கூடையைத் திணித்துவிட்டாள்.

"போடு சார். புதுசா வர்றவங்க ஒரு கூடை போடணும். எவனா இருந்தாலும்."

எல்லோரும் போடுகிற வேகத்தில் அவரும் போட்டார். நன்றாகவே போட்டார். ஜீப் உறுமி மேலே ஏறியது. ஊர் கை தட்டியது.

பிறகு கை தட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

அதிகாரி புதிதாக எழும்பிய மேட்டைப் பார்த்தார். வரிசையாக நின்ற கூடைகளைப் பார்த்தார். சக்கரம் வெட்டிய இடத்தில் சேற்றுக்கு அடியிலிருந்து ஊறி வருகிற தண்ணீரைப் பார்த்தார்.

"இங்க தண்ணியே இருந்ததில்ல," என்றார். "நீங்க யாரும் எதையும் மேடாக்கினதில்ல. அப்படித்தானே?"

சீனியம்மாள் வெங்காயக் கூடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வேதமாணிக்கம் தலை குனிந்து நின்றார்.

"சார்," என்றான் ஆண்ட்ரூ. போனை இறக்கவே இல்லை. "எல்லாம் வீடியோல தெளிவா வந்திருக்கு சார். நீங்க போட்டதும்."

"நான் போட்டதா?"

"நல்லா வந்திருக்கு சார். நீர்நிலையை மேடாக்குறது. முகம் தெரியுது."

அதிகாரி கணுக்கால்வரை கறுத்திருந்த தன் பேன்ட்டைப் பார்த்தார். வாட்சப்பில் எது எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல.

"அழிச்சிடு," என்றார்.

"இன்னிக்கு எடுத்ததா சார், அன்னிக்குக் கடையில இவங்க பேசினதுமா?"

"எல்லாத்தையும்யா!" பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி, "பேருக்குக் காரணம் எழுதிட்டேன். கூடை முடையறவங்க. போதும்," என்றார். ஜீப் புதிய மேட்டின் மேல் ஏறிப் போனது. போகும்போது ஆண்ட்ரூ சீனியம்மாளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். நல்ல சிரிப்புதான். அதனாலேயே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சிவப்புப் பெயிண்ட் வரவில்லை. வெயில் ஏறிய மாதத்தில் வேறொரு பெயிண்ட் வந்தது, பச்சையும் வெள்ளையும். ஊர் முனையில் பலகை வைத்தார்கள்: 'கூடைமேடு. முற்காலத்தில் கூடை முடைவோர் வாழ்ந்த இடம்.' அரசாங்கமே எழுதிவிட்டதால் இனி அது உண்மை. வீடு நின்றது, கடை நின்றது. அதற்கு முன்பே, பொங்கல் கழிந்து வந்திருக்க வேண்டிய கூடை விழாவை அந்த வருஷம் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. படம் எண்ணெய் டின்களுக்குப் பின்னாலேயே இருந்தது.

வேதமாணிக்கம் வரலாறு சொல்வதை விட்டுவிட்டார். சாயங்காலங்களில் ஜெயவேலும் அவரும் பலகை எதிரில் போய் நிற்பார்கள்.

"இவனுங்க எந்த ஊர்க்காரனுங்க அண்ணாச்சி? ஒரு கூடை தூக்கியிருப்பானுங்களா? குந்திகினு முடைஞ்சிருக்கானுங்க. பேரு மட்டும் அவனுங்களுக்கு."

"உங்க நைனா பேராச்சும் போட்டிருக்கலாம் ஜெயவேலு."

"உங்க அப்பாரு பேரு போட்டிருந்தா கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

இருவரும் இதை மனதாரச் சொன்னார்கள் என்றுதான் சீனியம்மாளுக்கும் பட்டது. அதுதான் அவளை உறுத்தியது. இல்லாதவர்களிடம் ஊரைக் கொடுத்தவள் அவள்தானே.

கடைசியில் அந்த ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். எதையும் வாங்கவில்லை, விசாரிக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. சீனியம்மாளின் மூன்று வகையிலும் அவர் அடங்கவில்லை. படியில் நின்று ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு சொன்னார்.

"எங்க தாத்தா இங்கதான்மா கூடை முடைஞ்சாரு."

இட்லி வண்டியில் கரண்டி நின்றது. ஜெயவேல் எழுந்து வந்தான். வேதமாணிக்கம் தராசை விட்டார்.

"உங்க தாத்தாவா?"

"ஆமாங்க. பலகையைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு. இந்த மேடு பூரா நம்முளுதுதான்டா, நாம போனப்புறம் யாரோ வந்து குந்திக்கினாங்கன்னு சொல்லிகினே இருப்பாரு. பிரம்பு ஆந்திராவுலேர்ந்து வருமாம்."

வேதமாணிக்கம் சீனியம்மாளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. உன் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் இருந்தது. அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். எண்ணெய் டின்களை நகர்த்தினாள். சாக்கை உரித்து, படத்தை முந்தானையால் ஒரே இழுப்பாகத் துடைத்துக்கொண்டு வந்து அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எங்க மாமா. இந்த எடந்தான். ஒங்க தாத்தா எங்கன உக்காந்து முடைஞ்சாவ? இந்தத் தண்ணிக்குள்ளயா?"

அவர் படத்தைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தார். வேதமாணிக்கத்தின் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. ஜெயவேல் லுங்கியை மடித்துக் கட்டினான்.

"எங்க நைனா இதுக்கும் அந்தாண்ட நின்னுகினு இருப்பாரு," என்றான். "போட்டோல வராத எடம். ரெண்டு பேரும்தான் சார் தூக்கனாங்க. எழுதிக்கோ."

"ரெண்டு பேரும்தான்," என்றார் வேதமாணிக்கம். "சேந்து."

"அடேங்கப்பா, கடல் மாதிரி இருக்கே," என்றார் அந்த ஆள். படத்தைத் திருப்பிக் கொடுத்தார். தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, சில்லறையைக் கல்லாமேல் வைத்தார். "எவ்ளோ ஆழம் இருந்திருக்கும்?"

"அது பாத்தீங்கன்னா சார், ஆளையே..." என்று ஜெயவேல் கையை உயர்த்தினான்.

அந்த ஆள் தன் பாட்டிலைத் தலைகீழாக ஆட்டிக் காட்டினார். காலியாக இருந்தது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

ஜெயவேலின் கை காற்றிலேயே நின்றது. சீனியம்மாள் படத்தைத் தண்ணீர் தெரிகிற பக்கம் உள்ளே போகும்படி நெஞ்சோடு திருப்பி அணைத்துக்கொண்டாள். மற்ற கையால் டம்ளரை எடுத்தாள். கேனைத் திறக்கவில்லை. டம்ளரைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள்.

"தண்ணியா?" என்றாள். "இந்த ஊர்ல அது எப்பமுமே கிடையாதுல்லா."